சுருள்வாளும் காலாளும்

போரை விளையாட்டாக்கிப் பார்க்கும் வழக்கம் பழமையானது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையில் அடக்கிய சதுரங்கம் இதற்குச் சான்றாகும். அவ்வழியில் வந்த கணினி விளையாட்டுகளுள் 1999 இல் வெளியான இரண்டாவது ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ குறிப்பிடத்தக்கது. அதன் புதுப்பதிப்புக்கு 2022 இல் வெளிவந்த இணைப்பொன்றில் திராவிடரும் இடம்பெற்றனர். இராசேந்திர சோழனின் படையெடுப்புகளும் ஆடுபொருளாயின.

இதில் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் பிறர்க்கில்லாத சிறப்புப் படை உண்டு. திராவிடர்க்குரியவன் களரிப்பயிற்றின் உருமியாகிய சுருள்வாளை ஏந்தும் வீரன். அவனது முதல் வீச்சு மிகக் கடியது. அருகில் நிற்போரையும் ஒருங்கே தாக்கும். பின்னர் அவ்வன்மை மீளச் சிறிது நேரம் வேண்டும்.

விடுமுறையில் குருக்கள்மடம் சென்றால் எனக்கும் தம்பிக்கும் வழக்கு இதுவே. “கோட்டை மட்டும் எழும்பட்டும் அக்கா, பிறகு பாருங்க” என்பான் அவன். அக்கோட்டைக்கு 650 கல் வேண்டும். கல் வெட்டுவோர்க்கு உணவு வேண்டும்; அதுவரை ஊரைக் காப்போரும் வேண்டும். ஆகவே, சிறப்புப் படையின் விலை அதனைப் பெறும் வேளையில் கொடுப்பது மாத்திரமன்று. அதற்காகக் காத்திருந்த காலத்தில் இழந்தவையும் அவ்விலையிற் சேரும்.

இடமும் நோக்கற்பாலது. நெருங்கி நிற்கும் காலாட்களிடையே சுருள்வாள் பெரும் பயன் தரும். தொலைவில் நிற்கும் வில்லாளர் முன்னோ, வீரன் அணுகுமுன்னரே வீழ்வான். நம் ஆடுபுலி ஆட்டமும் இதனையே காட்டுகின்றது. மூன்று புலிகளையும் ஆடுகளால் வெட்ட இயலாது. எனினும், பதினைந்து ஆடுகளும் நெருங்கி நின்று தாவும் இடங்களை அடைத்துவிடின் புலி தோற்கும். புலியின் வலிமையிற் பாதி, வெறுமையாய்க் கிடக்கும் புள்ளிகளில் உள்ளது.

திராவிடர்க்கு அளிக்கப்பட்ட ஏனைய சலுகைகளையும் எண்ணுக. காலாட்படைக் கூடத்தின் மேம்பாடுகளுக்குப் பாதிச் செலவே. மீனவர் 15 அலகு கூடுதலாகச் சுமப்பர். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்திற் பிறந்த எனக்கு இப்பின்னது பெரிதாய்த் தோன்றுகின்றது. மீன் வந்து சேர்ந்த பின்னரே கோட்டை எழும். எனவே, மலிந்த காலாளை முதலில் நிறுத்தி, எதிரி நெருங்கிவரும் வேளைக்கென வாள்வீரர் சிலரை வைத்திருத்தலே தக்கது என்பது என் துணிபு.

இவ்வாறு நாங்கள் கணக்கிட்டுக்கொண்டிருக்க, ஒருநாள் அம்மம்மா திரையை நெடுநேரம் நோக்கியிருந்து, “செத்தவன் திரும்பவும் வாறானோ, மனே?” என்று வினவினார். புதியவன் வருவான் என்றான் தம்பி. 1990 இல் வெளியே சென்று மீளாத மகனின் நிழற்படம் அவர் அறையில் உண்டு. அவர் வேறொன்றும் கூறவில்லை.

விளையாட்டை நாங்கள் விட்டுவிடவில்லை. விடவேண்டும் என்றும் நான் கருதவில்லை. படைகளை நிறுத்துப் பார்க்கும் பயிற்சி, வரலாற்று நூல்களில் அரசர் பெற்ற வெற்றிகளுக்குப் பின்னால் நின்ற உழவரையும் கல்வெட்டுவோரையும் மீனவரையும் தேடக் கற்பிக்கின்றது. ஆயினும், வீழ்ந்த வீரனுக்கு ஈடாக உணவும் பொன்னும் கொடுத்து மற்றொருவனைப் பெறலாம் என்னும் விதி பலகைக்கும் திரைக்குமே உரியது. வரலாறு பயிலும் நாம் அவ்வெல்லையைத் தாண்டி அக்கணக்கை எடுத்துச் செல்லலாகாது.