வாசலும் வீதியும்

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நாள்களில் நம்மிடம் எத்தனையோ வினாக்கள் தொடுக்கப்பட்டன. தனியுடைமைக்கு எல்லை உண்டா, பொதுநலம் என்பது யாது, நமக்கு அடுத்திருப்பவர் யார் என்றெல்லாம் கேட்டார்கள். நாமும் பக்கம் பக்கமாக விடை எழுதினோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், பதினெட்டடித் தெருவில் எவர் தம் வண்டியை எங்கே நிறுத்துவது என்ற வினா எந்தத் தாளிலும் வரவில்லை. குருவாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மாலையில், அது பங்கு இல்லத்தின் வாசலுக்கே நடந்து வந்தது. அந்தத் தேர்வில் நாம் தேறவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வந்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பங்குப்பேரவையின் செயலராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். ஆலயத்தின் தென்புறத் தெருவில் அவர் வீடு. சென்னையில் பணியாற்றும் மகன் மாதம் இருமுறை காரில் வருவான். அவனுக்காக மதிலோரம் இரண்டு கருங்கற்களையும், விளிம்பு உடைந்த தொட்டியொன்றில் ஒரு குரோட்டன்ஸ் செடியையும் வைத்து இடம் பிடித்திருந்தார். எதிர்வீட்டு இரும்புக்கடைக்காரர் கற்களை நகர்த்திவிட்டுத் தாம் புதிதாக வாங்கிய காரை அங்கே நிறுத்தினார். மறுநாள் காலையில் அந்தக் காரின் முன்சக்கரத்தில் காற்று இல்லை. யார் பிடுங்கியது என்று தெருவில் யாரும் சொல்லவில்லை. ஆனால் இரு வீட்டாரும் தத்தமக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் பலகாரத் தட்டு கொடுத்து வாங்கிய இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்திக்கொண்டன.

“சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பாரு. என் வாசல்ல நான் கல்லு வைக்கக் கூடாதா?” என்றார் ஆசிரியர்.

நியாயம் சொல்லப் போகிறவர்களுக்கே உரிய மிடுக்கோடு அன்று மாலை அத்தெருவில் இறங்கினோம். மாட்டு வண்டிக்காக அமைந்த தெரு அது. பழைய வீடுகள் இரண்டில் இன்னும் திண்ணை உண்டு. வழிப்போக்கர் உட்காரட்டும் என்று வீட்டின் ஒரு பகுதியையே வீதிக்குக் கொடுத்த காலத்தின் எச்சம். பிறகு மிதிவண்டி வந்தது, மொபெட் வந்தது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோது அதன் அகலம் ஐந்தடிக்கும் குறைவு. தெருவுக்கு ஒருவர் அதை வாங்கினால் தெருவே பெருமைப்பட்டது. இன்று பல கார்களின் அகலம் ஆறடியை நெருங்குகிறது. இருபுறமும் ஒவ்வொன்று நின்றால் நடுவில் எஞ்சுவது ஏறத்தாழ ஆறடி. 2008இல் தொடங்கிய 108 ஊர்தி அதனுள் நுழைவது அரிது. இந்தக் கணக்கை நாம் மனத்துக்குள் போட்டுப் பார்த்தது கடைக்காரருக்கு அறிவுரை சொல்வதற்காக. அது நம்மை நோக்கித் திரும்பும் என்று அப்போது அறியோம்.

கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது. நாம் கூறியவற்றையெல்லாம் தலையசைத்துக் கேட்டார். “சாருக்கு நான் மரியாதைக் குறைவா நடந்திருந்தா மன்னிப்புக் கேட்டுக்கிறேன் சாமி” என்றார். வேலை இத்தனை எளிதில் முடிந்ததே என்று நாம் எழ முற்பட்டபோது, சற்றுத் தயங்கி, “ஒன்னு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? ஞாயித்துக்கிழமை காலையில எங்க கேட்டை மறிச்சு நிக்கிற வண்டிங்களை யார்கிட்ட சாமி சொல்றது?” என்றார்.

அதன் பிறகே நாம் கேட்டறிந்தோம். அவ்வாண்டின் குருத்து ஞாயிறு. காலைத் திருப்பலிக்கு வந்தோரின் கார்கள் தென்புறத் தெருவை நிறைத்திருந்தன. அவற்றுள் ஒன்று அவருடைய இரும்புக் கதவுக்கு நேர் குறுக்கே நின்றது. அந்நேரத்தில் அவருடைய தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தம் காரை வெளியே எடுக்க வழியில்லை; வேறு வண்டி உள்ளே வரவும் வழியில்லை. அவர் ஆலய வாயில் வரை ஓடி வந்திருக்கிறார். உள்ளே ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மக்கள் அனைவரும் எழுந்து நின்று அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாயிலில் ஒரு நிமிடம் நின்றவர் திரும்பிப் போய்விட்டார். தாயாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இருவர் துணையோடு தெருமுனை வரை சுமந்து சென்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது.

அன்று நாம் ஆற்றிய மறையுரை, பிறருடைய சிலுவையைச் சுமந்த சீரேன் ஊர் சீமோனைப் பற்றியது. நன்றாக இருந்ததென்று பலர் பாராட்டினார்கள்.

ஒலிபெருக்கியில் வண்டி எண்ணைச் சொல்ல ஒரு நொடி போதும். அதைக் கேட்கக்கூட அவர் துணியவில்லை என்றால், அவ்வளவு மதிப்பை அவர் வைத்திருந்த இடத்தில் நாம் என்ன வைத்திருந்தோம்? ஆலய வளாகத்தில் முப்பது கார்கள் நிற்க இடமுண்டு. ஆனால், முந்தைய ஆண்டில்தான் நன்கொடை திரட்டிப் பேவர் பிளாக் கற்கள் பதித்திருந்தோம். சக்கரத் தடம் பட்டு அழுக்காகும், கெபியைச் சுற்றிய அழகு கெடும் என்று பெரிய கதவைப் பூட்டி வைக்கச் சொன்னது நாமே. நமது முற்றம் தூய்மையாக இருந்தது. அதன் விலையைத் தென்புறத் தெரு செலுத்திக்கொண்டிருந்தது. ஆசிரியர் வைத்தவை இரண்டு கற்கள். நாம் வைத்ததோ பெரிய கதவின் பூட்டு.

உள்ளறையில் கட்டிலில் சாய்ந்திருந்த அம்மையாரைக் கண்டு மன்னிப்புக் கேட்டோம். “கோயில்ல எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறப்ப எப்படிப்பா சத்தம் போடுறது?” என்று அவர் நமக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை.

அன்றிரவு நூல்களைப் புரட்டினோம். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 122ஆம் பிரிவில், பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ தடையோ மிகுந்த இடையூறோ நேரும்படி வண்டியை நிறுத்தலாகாது என்கிறது. 1989இல் வெளிவந்த சாலை விதிகள், ஒரு மனையின் நுழைவாயிலை மறித்து நிறுத்துவதைத் தடை செய்தன. 2017இல் அவற்றுக்கு மாற்றாக வந்த விதிகளிலும் இத்தடை உண்டு. ஆக, வாசல் வழியை மறிக்க எவருக்கும் உரிமையில்லை. அதே நேரத்தில், மதிலுக்கு வெளியே உள்ள வீதியைக் கல் வைத்துத் தமதாக்கிக்கொள்ளவும் எவருக்கும் உரிமையில்லை. நம் பேச்சு வழக்கில் இரண்டையும் ‘என் வாசல்’ என்றே சொல்லிவிடுகிறோம். பாதிச் சண்டை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பனி கொட்டினால், தம் காரைச் சுற்றிலும் பனியை வாரிப் போட்டவர் அவ்விடத்தில் நாற்காலியோ கூம்போ வைத்துவிட்டுச் செல்வார். பனிக்கால அவசரநிலை நீங்கியபின் 48 மணி நேரமே அதற்கு இசைவு என்று மாநகராட்சி வரம்பு கட்டியிருக்கிறது. ஜப்பானில் 1962இல் இயற்றிய சட்டத்தின்படி, தெருவல்லாத வேறோர் இடம் இருப்பதைக் காட்டினாலன்றிப் பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவு செய்ய இயலாது. நம் நாட்டிலோ கார் வாங்கக் கடன் கிடைக்கிறது. நிறுத்த இடம் உண்டா என்று பெரும்பாலும் கேட்பாரில்லை.

திருச்சபையும் இதுபற்றிச் சிந்திக்காமல் இல்லை. 2007இல் வத்திக்கானின் ஒரு திருப்பீட அவை, சாலை சார்ந்த மேய்ப்புப்பணிக்கென வழிகாட்டி ஏடொன்றை வெளியிட்டது. அதில் வண்டி ஓட்டுவோர்க்குப் பத்துக் கட்டளைகள் உண்டு. சாலை மனிதரை ஒன்றுசேர்க்க வேண்டும், கார் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகிவிடக் கூடாது என்னும் கருத்துகள் அவற்றுள் அடங்கும். அப்போது நாம் புன்னகையோடு படித்து மூடி வைத்த ஏடு அது. ஓடும் காரைப் பற்றியே நினைத்தோம். நிற்கும் காருக்கும் ஆதிக்கம் உண்டென்பது தோன்றவில்லை.

தொடக்க நூலில் ஈசாக்கு கிணறு தோண்டிய வரலாறு நினைவுக்கு வந்தது. முதற்கிணற்றுக்குக் கெரார் மேய்ப்பர்கள் உரிமை கொண்டாடினார்கள். அதற்குச் சச்சரவு என்று பெயரிட்டார். இரண்டாவதற்கும் சண்டை வந்தது. அதற்குப் பகை என்று பெயர். அவரோ அப்பால் சென்று மூன்றாவதைத் தோண்டினார், சண்டை எழவில்லை. அதற்கு அகன்ற இடம் என்று பொருள்படும் பெயர் சூட்டினார். முன்னரும் இதைப் பலமுறை வாசித்திருக்கிறோம். இடம் அகன்றது நிலம் வளர்ந்ததனால் அன்று, ஒருவர் விட்டுக்கொடுத்து நகர்ந்ததனால் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு பெரிய கதவு திறந்தது. திருப்பலி முடிவில் நடந்ததைச் சொல்லி, குற்றம் நம்முடையதென்றும் சொன்னோம். எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. அறிவிப்பு நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்றார்கள் சிலர். கற்களுக்குக் கொடுத்த நன்கொடை வீணாயிற்று என்றார் ஒருவர். இரண்டே மாதத்தில் எண்ணெய்க் கறை படிந்தபோது அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார். மறுக்க வழியில்லை; கறை இன்னும் இருக்கிறது. வளாகம் நிறைந்தால் அருகிலுள்ள பள்ளி மைதானத்தில் நிறுத்திவிட்டு நடந்து வரலாம் என்றோம். வயது முதிர்ந்தோர்க்கு வாயிலருகே இடம் ஒதுக்கினோம். முன்கண்ணாடியில் கைப்பேசி எண்ணை எழுதி வைக்க வேண்டினோம். இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் தென்புறத் தெருவில் நிற்கிறார்கள்.

தெருவார் கூடிப் பேசியது பிறகு. ஒரு மாதம் வடபுறம், மறுமாதம் தென்புறம் என ஒரே ஓரத்தில் நிறுத்துவதென்று முடிவாயிற்று. கடைக்காரரின் மனைவி அன்று சொன்னது வேறு யாருக்கும் தோன்றாதது: “கோலம் போடுற எடத்தையாவது விட்டு நிறுத்தச் சொல்லுங்க. மார்கழியில வண்டிக்கு அடியில புகுந்தா கோலம் போடுறது?” எல்லாரும் சிரித்தோம். பல வாரங்களுக்குப் பின் அந்த இரு வீட்டாரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பொருளைக் காட்டிலும் சொல் பெரிது என்று இப்போது எண்ணுகிறோம். வீட்டில் விசேஷமென்றால் முன்தினமே அண்டை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது, யாரோ ஒருவர் வண்டி மறித்தால் காற்றைப் பிடுங்காமல் கதவைத் தட்டுவது, தட்டினால் முகம் சுளிக்காமல் சாவியோடு வருவது, இவற்றுக்குச் செலவில்லை. கல்லும் தொட்டியும் பேசத் தயங்குகிறவர்கள் வைக்கும் பேச்சு. அது எதிரிலிருப்பவர் காதில் வசையாகவே விழும்.

எல்லாம் சீராகிவிட்டதென்று சொன்னால் பொய்யாகும். மாதம் மாறும் நாளில் யாராவது மறந்துபோகிறார்கள், குரல் உயர்கிறது. காற்றைப் பிடுங்கியவர் யாரென்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆசிரியர் குரோட்டன்ஸ் தொட்டியை வீட்டுப் படிக்கு எடுத்துச் சென்றுவிட்டார். கற்களுள் ஒன்றை அகற்றினார். மற்றொன்று மதிலை ஒட்டி இன்னும் கிடக்கிறது. சென்ற கிறிஸ்துமசுக்குப் பலகாரத் தட்டு எதிர்வீட்டுக்குப் போனது. பொங்கலுக்குத் திரும்பி வந்தது. அம்மையார் ஊன்றுகோலின் துணையோடு மாலையில் வாசல் வரை வந்து நிற்கிறார்.

நாமோ ஞாயிறு காலையில் திருவுடை அணியுமுன் தென்புறச் சன்னலைத் திறந்து, அந்த இரும்புக் கதவின் முன் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பீடத்துக்குச் செல்கிறோம்.