கார்புரேட்டருக்குக் கடைசி இடம்

புதுப்பேட்டையை ஒட்டிய சந்தில் அந்த ஒர்க் ஷாப் இருக்கிறது. நான் போன அன்று மூன்று அம்பாசிடர்களுக்கு நடுவே சிவப்பு நிற எம்.ஜி.ஏ. ஒன்று நின்றிருந்தது. கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. உள்ளே கையை விட்டு இழுத்தால்தான் திறக்கும். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் கட்டப்பட்ட வண்டி. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. சென்னையில் ஒன்றைப் பார்ப்பது அபூர்வம்.

மேஸ்திரிக்கு அது அபூர்வமாகத் தெரியவில்லை. “நம்ம அம்பாசிடர்தான் சார், சட்டைய மாத்திப் போட்டிருக்கு” என்றார்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை அவர். முதலில் வந்த எம்.ஜி.ஏ.க்களில் இருப்பது பி.எம்.சி. நிறுவனத்தின் 1489 சி.சி. ‘பி சீரீஸ்’ இன்ஜின். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரில் பல்லாண்டு ஓடியதும் அதே குடும்பத்து இன்ஜின்தான். டாக்சிக்கு ஒரு கார்புரேட்டர், இதற்கு இரண்டு. டாக்சி ஓட்டிகளின் அவசரத்துக்கு டேப்பட் பார்த்துப் பழகிய கைக்கு இந்த ஸ்போர்ட்ஸ் கார் பாதி தெரிந்த விஷயம்.

நான் பார்க்கப் போனது மேஸ்திரியை அல்ல, அவரிடம் தொழில் கற்கும் பையனை. ஐ.டி.ஐ. முடித்தவன். ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண்ணைத் திரையில் காட்டும் வண்டிகளில் பயின்றவன். இந்த வண்டியில் செருகுவதற்கு இடமே இல்லை. வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போன புகார், “சும்மா நிக்கும்போது திணறுது.” பையனின் கண் நேராகக் கார்புரேட்டருக்குப் போனது, கையில் திருப்புளி வேறு.

“அதுல கை வெச்சே, கைய ஒடிப்பேன். மொதல்ல டேப்பட், அப்புறம் பாயிண்ட், அப்புறம் டைமிங். கார்புரேட்டர் கடைசி.”

இந்த வரிசைதான் அந்தப் பட்டறையின் மொத்தப் பாடத்திட்டம் என்று எனக்குப் பட்டது. வால்வு இடைவெளி தப்பினாலும் இன்ஜின் திணறும், பாயிண்ட் தேய்ந்தாலும் திணறும்; பழி விழுவது கார்புரேட்டர் மேல். மற்றதைச் சரிசெய்யாமல் அதைத் திருகினால் இரண்டு கோளாறு மூன்றாகும், எது எதனால் வந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இந்த இன்ஜினுக்கு டேப்பட் இடைவெளி 17 தௌ, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கியதில் 17 பங்கு, அதுவும் சூட்டில். வண்டியை ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றினார்கள். எட்டு வால்வு. எந்த வால்வு எப்போது முழுக்க மூடியிருக்கிறது என்பதற்கு ஒன்பது கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைப் பார்க்க வேண்டும். ஆறாவது அமுங்கினால் மூன்றாவது. நாலாவது அமுங்கினால் ஐந்தாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் இன்ஜின் சுற்றும். தள்ளியது நான்தான்; வேடிக்கை பார்க்க வந்தவனையும் அங்கே சும்மா விடுவதில்லை.

ஃபீலர் கேஜ் தகடு உள்ளே போவது மட்டும் போதாது, இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். எவ்வளவு லேசாக? மேஸ்திரி தான் வைத்த வால்வில் பையனின் விரலால் தகட்டை இழுக்கச் சொன்னார். பிறகு அவன் வைத்ததைத் தானே இழுத்துப் பார்த்தார். “டைட்டு” என்றார். லாக் நட்டை முறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே சுற்றிவிட்டது. திருப்புளியை அழுத்திப் பிடித்துக்கொண்டே அரை அங்குல ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்யும் அந்த வித்தை எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் வராது.

பாயிண்ட் 15 தௌ. அது சுருக்கமாக முடிந்தது. டைமிங்குக்குக் கருவி, ஒயரில் தொங்கிய ஒரு 12 வோல்ட் பல்பு மட்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது எரிய வேண்டும். பல்பை மாட்டுவதற்கு முன் மேஸ்திரி ஒன்றைக் காட்டினார்: சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், அவற்றின் பாசிட்டிவ் முனை பாடியோடு. இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. பழக்க தோஷத்தில் பேட்டரியை மாற்றி மாட்டினால் வேலை கெட்டது.

பிறகுதான் கார்புரேட்டர். இரண்டும் எஸ்.யூ. வகை. ஸ்கின்னர் சகோதரர்கள் கண்டுபிடித்தது. செருப்புத் தொழில் செய்த குடும்பம் அது, ஆரம்பத்தில் உள்ளே தோல் துருத்திதான் வைத்திருந்தார்களாம். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். மேஸ்திரி ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்தார். பையனிடம் கொடுத்தார். அவன் முன்னதையும் பின்னதையும் மாறி மாறிக் கேட்டான். நானும் கேட்டேன், எனக்கு இரண்டும் ஒரே சீறல்தான். “பின்னாடி கூட” என்றான் பையன். மேஸ்திரி தலையாட்டினார்.

பெட்ரோல் கலவைக்கு இன்னொரு சோதனை. உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினால், இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி இறங்கினால் சரி. முன்னது சரி. பின்னது ஏறி நின்றது. அடியிலிருக்கும் ஆறு பட்டை நட்டை ஒரு பட்டை மேலே திருப்பினான். மறுபடி தூக்கினான். ஏறியது, இறங்கியது. திணறல் நின்றிருந்தது. கேட்டுக்கொண்டே நின்றவன், இன்னும் அரைப் பட்டை திருப்பட்டுமா என்றான்.

“வேணாம். கைய எடு.”

பழைய கார் மோகத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பலருக்கு அது வரவேற்பறைச் சாமான். ஆனால் கேட்கவும் தொடவும் இவ்வளவு இடம் கொடுக்கிற யந்திரம் புதுப் பையனுக்கு நல்ல வாத்தியார். ஸ்கேனர் வண்டியிலும் இந்த வரிசை அவனுக்கு உதவும் என்றே நினைக்கிறேன்.

“ஒரு ரவுண்டு பாத்துட்டு வரவா மேஸ்திரி?” பையன் ஏற்கெனவே கதவுக்குள் கையை விட்டிருந்தான்.

“லைசென்ஸ் இருக்கா?”

இல்லை. மேஸ்திரியே ஏறினார். பக்கத்து சீட்டை என்னிடம் காட்டாமல் அவனிடம் காட்டினார்.