ஒன்பதாவது வளைவு

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவற்றுள் ஒன்பதாவதைக் கடக்க எங்களால் இயலவில்லை. கீழே அணையின் நீர்ப்பரப்பு அசைவின்றிக் கிடக்க, எங்கள் காரின் முகப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அம்மா பின்னிருக்கையிலிருந்து இறங்கி, ஒன்றும் பேசாமல் தடுப்புச் சுவரில் போய் அமர்ந்தார். குரங்குகள் எங்களைச் சூழ்ந்துகொண்டன.

நாங்கள் என்றால் அண்ணனும் தம்பியும். வண்டி தம்பியுடையது. அதற்கான கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து, கல்லூரியில் தமிழ் நடத்தும் அண்ணனுடையது. ஆலையிலேயே டர்போவுடன் வந்த 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி அது. தம்பிக்கு அந்த வேகம் போதவில்லை. எஞ்சினை ஆளும் கணினியின் நிரலை மாற்றி, டர்போவின் அழுத்தத்தை 1.2 பாருக்கு உயர்த்தி, முகப்பில் பெரிய இன்டர்கூலர் ஒன்றையும் பொருத்திக்கொண்டான்.

"ஓடற எஞ்சின்ல கைய வெக்காதீங்கடா" என்றார் அப்பா. அரசுப் பேருந்துப் பணிமனையில் 31 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவர். "பஸ் ரிப்பேர் பண்ணுனவருக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்" என்று தம்பி சொல்லிவிட்டான். அப்பா பழுது பார்த்த பேருந்துகள் பலவற்றில் டர்போ இருந்தது என்பது சொன்னவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து எட்டு மாதங்கள் இருவருக்கும் பேச்சில்லை. வால்பாறைப் பயணமே அந்த மௌனத்தைக் கலைக்க அம்மா செய்த ஏற்பாடுதான். அப்பா கடைசி நிமிடத்தில் வர மறுத்துவிட்டார்.

அடுத்த மூன்று வாரங்களில் மூன்று பணிமனைகள் ஏறி இறங்கினோம். முதலாமவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். குளிர்நீர் குறிப்பிட்ட சூட்டை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் அடைத்து வைக்கும் சிறு மடை அது. மாற்றிய பின்னும் வண்டி கொதித்தது. இரண்டாமவர் வாட்டர் பம்பை மாற்றினார். அப்போதும் கொதித்தது. மூன்றாமவர் எதையும் தொடாமல், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, எஞ்சினைப் பிரிக்கணும், 45,000 ஆகும்" என்றார். குறளின் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற வீடு எங்களுடையது. நோயை அறியுமுன் மருந்தை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது ஏனோ எங்களுக்கு உறைக்கவே இல்லை. (உறைத்தாலும் 45,000 ரூபாய்க்குக் குறள் உதவாது என்பது வேறு.)

அம்மாதான் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாலை அவர் வாசலில் நின்றபடி, தம்பியைப் பாராமல் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "ராத்திரி நிறுத்துன வண்டியக் காலைல ஸ்டார்ட் பண்ணுனதும் ரேடியேட்டர் ஓஸ் கல்லாட்டம் இறுகுதா?"

அண்ணனுக்கு ஓஸ் எதுவென்றே தெரியாது. தம்பிதான் விடை சொல்ல வேண்டியிருந்தது. "இல்லீங்கப்பா."

"ஆயில் மோராட்டம் வெளுத்திருக்குதா? புகை வெள்ளையா வருதா?"

"இல்லீங்க."

"டவுன் நெருக்கடில கொதிக்குதா, மேட்டுலயா?"

"மேட்டுல மட்டுந்தானுங்க. பொள்ளாச்சி ரோட்டுல விரட்டுனாலும் முள்ளு ஏறுது. சிக்னல்ல நின்னா ஒண்ணுமில்லீங்க."

ஹெட் கேஸ்கெட் கிழிந்தால் எரியறையின் வாயு குளிர்நீரில் புகுந்து, வண்டி சூடேறும் முன்பே குழாயை இறுக்கிவிடும். அதை உறுதி செய்ய ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதனூடே இழுத்தால், எரிவாயு கலந்திருக்கும்போது மஞ்சளாகும். மறுநாள் அப்பா யாரிடமோ கேட்டு வாங்கிவந்து சோதித்தார். நீலம் நீலமாகவே இருந்தது. எஞ்சின் பிழைத்தது என்று தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான்.

இனி மிஞ்சுவது காற்று. நின்ற வண்டியில் விசிறி காற்றை இழுக்கிறது; அப்போது எஞ்சின் உண்டாக்கும் வெப்பமும் குறைவு. மேட்டில் டர்போ முழு மூச்சில் உழைக்க, கூடுதல் காற்றும் கூடுதல் பெட்ரோலும் எரிந்து வெப்பம் பன்மடங்காகிறது. அதைக் கொண்டுபோக வேண்டிய காற்று முதலில் இன்டர்கூலரில் சூடாகி, பிறகு ஏசியின் கண்டென்சரில் சூடாகி, மூன்றாவதாகத்தான் ரேடியேட்டரை அடைகிறது. அதுவும் அடைந்தால்தான்.

அடையவில்லை. அப்பா முன்பம்பரைக் கழற்றச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு முதன்முறையாகத் தம்பியைப் பெயர் சொல்லி அழைத்து, ரேடியேட்டரின் இருபுறத் தகடுகளைக் காட்டினார். இரவுப் பயணங்களில் மோதிய பூச்சிகளின் சிறகுகள் அங்கே கோடுகோடாக அப்பிக் கிடந்தன. ரேடியேட்டரின் முகமோ ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. பெரிய இன்டர்கூலருக்கு இடம் பண்ணும்போது பக்கவாட்டு அடைப்புகளையும் ரப்பர் பட்டைகளையும் எவரோ அறுத்தெறிந்திருக்கிறார். வேகத்தில் நுழையும் காற்று நெருக்கமான தகட்டுச் செதில்களுக்குள் புகாமல், இரண்டு விரல் அகல இடுக்கு வழியே நழுவிப் போயிருக்கிறது. ஊர்ந்து ஏறும்போதோ, எஞ்சின் அறையின் சூடான காற்று அதே இடுக்கால் முன்னுக்குத் திரும்பி, மறுபடியும் விசிறிக்குள் போயிருக்கிறது.

தெருமுனை டிங்கரிங் கடையில் அலுமினியத் தகடு வெட்டி, ரப்பர் நுரைப்பட்டை ஒட்டி இடுக்குகளை அடைத்தோம். செலவு 1,400 ரூபாய்.

மறுபடியும் மலையேறினோம். தம்பி வண்டியின் கணினியோடு கைபேசியை இணைத்து, குளிர்நீரின் வெப்பத்தை வாசித்துக்கொண்டே வரும் வேலையை அண்ணனிடம் தந்தான். முன்பு ஒன்பதாவது வளைவில் 118 டிகிரி காட்டிய கருவி அது. டாஷ்போர்டு முள்ளோ 105 வரையிலும் நடுவிலேயே நின்று எங்களை ஏமாற்றியிருந்தது. இம்முறை ஒன்பதில் 99, இருபதில் 101. அதற்குமேல் ஏறவில்லை. முன்னிருக்கையில் அப்பா, வலக்கையால் மேல்பிடியைப் பற்றியபடி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

வால்பாறையில் தேநீர் குடிக்கையில், "அழுத்தத்த முன்ன இருந்த 0.8க்கே கொண்டு வா" என்றார்.

"ஒன்னு வெச்சுக்கறனுங்கப்பா."

"0.9."

தம்பி தேநீரைக் குடித்து முடிக்கும்வரை பதில் சொல்லவில்லை. இறங்கும்போது அப்பா மறுபடியும் கேட்டார்.