கொசுவுக்கும் மசக்கை உண்டு

மசக்கைக் காலத்தில் தாளிக்கிற வாசனை பட்டாலே குமட்டிக்கொண்டு வரும். நேற்றுவரை ஆசையாய்ச் சாப்பிட்ட ரசமே அடுப்பங்கரைப் பக்கம் போகவிடாது. "உடம்பு மாறினா மூக்கும் மாறும்டி" என்பார் என் மாமியார். கொசுவுக்கும் அப்படித்தான் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவில் கடிப்பது பெண் மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். நம் மூச்சுக்காற்றையும் வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலத்தையும் மோந்துகொண்டு தேடி வருகிறது. வயிறு முட்டக் குடித்துவிட்டாலோ, இரண்டு மூன்று நாளைக்கு நம் வாசனை அதை இழுப்பதில்லை! 1979-ல் க்ளோடன், லீ என்ற ஆராய்ச்சியாளர்கள், முட்டை வளரும் கொசுவின் உடல்நீரைப் பசித்த கொசுவுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அதன் தேட்டமும் அடங்கிவிட்டது. உடலுக்குள் ஓடும் ஏதோ ஒரு சுரப்பின் வேலை என்று புரிந்தது. 2019-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லாரா டுவால், லெஸ்லி வோஷால் என்ற பெண்மணிகள் ஒரு படி மேலே போனார்கள். மனிதரின் பசியைக் குறைக்க ஆராயப்பட்ட மருந்தையே கொசுவுக்குக் கொடுத்து, அதன் ஆசையை அடக்கிக் காட்டினார்கள். நம் பசியை ஆளும் நரம்புச் சுரப்புக்கு ஒன்றுவிட்ட உறவு கொசுவிடமும் இருக்கிறதாம்.

இதில் நம் வீட்டுக்கு வேண்டிய சேதி ஒன்று உண்டு. பாதி வயிற்றில் தட்டி விரட்டினால், அந்தச் சுரப்பு வேலை செய்யாது. பசி போகாமல் பக்கத்துப் பிள்ளையிடம் போய் உட்காரும். ஒரே வீட்டில் வரிசையாக டெங்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பகலில் கடிக்கிற கொசு இது. மத்தியானம் தூளியில் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுங்கள்.

முட்டையிட்டு முடித்ததும் மூக்கு பழையபடி விழித்துக்கொள்ளும். எங்கே இடுகிறது? எங்கள் உத்திரமேரூரில் கொசு என்றாலே ஏரியைத் திட்டுவோம். பாவம் அந்த ஏரி! ஏடிஸுக்குப் பிடித்ததெல்லாம் நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீர்தான்: சிமெண்ட் தொட்டி, மூடாத அண்டா, பழைய டயர், கொட்டாங்குச்சி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வாசல் மெழுகும் கையோடு தொட்டியையும் தேங்காய் நாரால் தேய்த்துவிடுகிறோம். கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல் குழியில் மண்ணை நிரப்பிக் கீரை விதைத்தாயிற்று.