மாட்டின் பங்கு

ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் பெயரிட்டனர். நம் கல்லூரியில் பயின்றோருள் படுவான்கரைப் பிள்ளைகள் பலர். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, ‘பாதை’ என்று நாம் வழங்கும் மிதவையே அங்கு வாவியைக் கடக்க எமக்குத் துணையாயிருந்தது. அக்கரையின் பழைய வேளாண்மை நாளொன்றைப் பற்றி இன்றைய மாணவருக்குக் கூறுவதிற் பயனுண்டு எனக் கருதி இதனை எழுதலானேன்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் என் தாய்மாமனுக்கு மூன்று ஏக்கர் வயலும் சிறியதொரு மாட்டுப் பட்டியும் இருந்தன. போடியார் என்று சொல்லத்தக்க செல்வர் அல்லர் அவர். மாரிப்போகத்துக் கதிரை வெட்டிச் சூடாக அடுக்கியபின், விடுமுறையில் நானும் அங்குச் செல்வேன். பகல் வெயிலுக்கு அஞ்சிப் பின்னிலவிலேயே சூடு மிதிக்கத் தொடங்குவர். களவெட்டியிற் கதிரைப் பரப்பி, எருமைகளை ஒன்றோடொன்று பிணைத்துச் சுற்றி வரச் செய்வர். ‘பொலி, பொலி’ என்ற குரல் வயலெங்கும் கேட்கும். குறைவைக் குறிக்கும் எச்சொல்லும் களத்திற் கூடாது. நெல்லை அளக்கும்போதும் ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்றே தொடங்குவர்.

எனக்கு வாய்த்த பணி வைக்கோல் உதறுவது. நுனியிற் கொக்கியுடைய அக்கம்புக்கு ‘வேலைக்காரன்’ என்று பெயர். நெல் அடியில் தங்கும்படி கிளறி, உதறி, ஒதுக்க வேண்டும். விடியுமுன்னரே உடலெங்கும் சுணை பற்றி எரியும். வெயில் ஏறியபின் வைக்கோலைக் காயவிட்டு, மழைநீர் வழிந்தோடுமாறு கூரைபோற் சரித்துப் போராக வேய்வர். ஈரம் உள்ளே தங்கினாற் போர் புழுங்கிப் பூசணம் பிடித்துவிடுமாதலால், பிடி பிடியாக மாமா தாமே தொட்டுப் பார்ப்பார். மாலையில் எருமைகளை நீராட்டிப் பட்டியிற் சேர்ப்பதோடு அன்றைய வேலை முடியும்.

ஓராண்டு, போரிற் பாதியைக் கைக்காசுக்கு வாங்க ஒருவர் வந்தார். என் விடுதிக் கட்டணம் கட்டவேண்டிய தருணம் அது. மாமாவின் கையிலோ பணமில்லை. ஆயினும் அவர் இசையவில்லை. “மருமகன், நெல்லு நம்மட பங்கு, வைக்கல் மாட்டுட பங்கு. அதுட பங்க நாம விக்கப்படாது” என்றார். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய நெல்லில் இரண்டு மூடையை விற்று என் கட்டணத்தைச் செலுத்தினார். அவ்வாண்டு அவர் வீட்டில் ஒருவேளை உணவு குரக்கனாயிற்று, மாடுகளோ மெலியவில்லை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை அழிக்க வந்த போர்த்துக்கேயர், கல் நந்தி எழுந்து புல் தின்னக் கண்டு அஞ்சி ஓடினர் என்பது நம் பகுதியின் ஐதிகம். புல்லுண்ணும் மாட்டையே காவலாகக் கண்ட நாட்டில் மாமாவின் சொல் புதியதன்று.

நிற்க. இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் அறுத்தும் அடித்தும் தந்துவிடுகிறது. அதனை யான் பழிக்கவில்லை. சுணையின் எரிவை அறிந்தவன் யான். ஆனால் வயலிற் சிந்திக்கிடக்கும் வைக்கோலுக்கு உரியவர் இல்லாது போயினர். பல வயல்களில் அது தீயிடப்படுகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ 80 வீதம் வைக்கோலிலேயே தங்குகிறது. தீயிட்டால் நைதரசனிற் பெரும்பகுதி புகையாய்ப் போகிறது. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது உரமின்றித் தவித்தோர், முன்னைய போகத்தில் தாம் எரித்தது யாதென எண்ணிப் பார்த்திருப்பர்.

மாடுகளின் நிலையும் இரங்கத்தக்கது. விதைப்புக் காலத்தில் வயற்புறத்தை விட்டு அவற்றை மயிலத்தமடு, மாதவனை முதலிய மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். அத்தரைகள் பிறராற் பயிர்செய்யப்படுவதை எதிர்த்துப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் தரைக்கு வைக்கோல் ஈடாகாது. ஆயினும் கோடையில் ஒரு பட்டியைக் காக்க அது போதும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமற் சில நாள் மூடிவைத்தால், அது எளிதிற் செரிக்கும் தீனியாகும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயிலும் நம் மாணவர் இம்முறையைத் தத்தம் ஊராருக்குச் செய்து காட்டலாம்.

அக்கரையில் நிலமுடைய பழைய மாணவரிடம் யான் வேண்டுவது ஒன்றே. வரும் மாரி அறுவடையில் ஓர் ஏக்கர் வைக்கோலையேனும் எரியாது சேர்த்து, மாடுடைய அயலவருக்குக் கொடுங்கள். மாறாக அவர் பட்டியின் எருவை உங்கள் வயலுக்குக் கேளுங்கள். வயலும் பட்டியும் மீண்டும் உறவாகும்.