அம்பு தைக்க ஒரு கட்டை

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகளுக்கு இரண்டாவது பிள்ளைப்பேறு. சரக்குத்தூளும் வெள்ளைப்பூடுமாகப் பெட்டி கட்டிக்கொண்டு போன நான், அங்கே வில்லும் அம்பும் பற்றிக் கதைக்க வேண்டி வரும் என்று கனவிலும் நினைத்திருக்கவில்லை.

மகன் இருப்பது நகரத்தை விட்டு எட்டிய ஊரில். ஹலால் இறைச்சிக்கு டியர்போர்னுக்குத்தான் போக வேண்டும். அக்கம்பக்கத்தார் ஒக்டோபர் முதலாம் திகதி பிறந்தால் வில்லோடு மான் வேட்டைக்கு இறங்கிவிடுவார்கள். அது அங்கே சட்டப்படியான பருவம். அனுமதிச் சீட்டு எடுத்து மகனும் அவர்களோடு சேர்ந்திருந்தார். ஆனால் அந்த முறை வில் உறைக்குள்ளேயே கிடந்தது.

"ஏன் மகன், இந்த வருஷம் போகல்லயா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். முந்திய வருடம் கோடை முழுக்கப் பயிற்சி. அம்புகளெல்லாம் ஒரு சாசருக்குள் அடங்குமளவுக்குக் கை படிந்திருந்ததாம். பருவத்துக்கு முதல் நாள் பயிற்சி முனைகளைக் கழற்றி, வேட்டை முனைகளைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். முப்பது யார் தூரத்தில் ஒரு மான். பிஸ்மில்லாஹ் சொல்லி விட்ட அம்பு, நெஞ்சுக்கூட்டில் படாமல் அரைச் சாண் பின்னுக்கு, வயிற்றில் பட்டுவிட்டது. மான் ஓடிவிட்டது. இரவு டோர்ச் லைற்றோடும் மறுநாள் அயலவரோடும் தேடியும் கிடைக்கவில்லை.

"எங்கயோ கிடந்து துடிச்சிருக்கும் உம்மா. அதுக்குப் பிறகு வில்ல தொட மனசு வரல்ல."

ஏன் அப்படிப் பிசகியது? பயிற்சி முனை பென்சில் கூர் மாதிரி உருண்டையாக இருக்கும். வேட்டைக்குரியதை 'பிரோட்ஹெட்' என்கிறார்கள். சவர பிளேட் போன்ற இரண்டு மூன்று தகடுகள் பதித்தது. மிச்சிகன் சட்டப்படி அதன் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும். அந்தத் தகடுகள் காற்றைப் பிடிக்கின்றன. வில்லில் மயிரிழை பிழை இருந்தாலும் பயிற்சி முனை அதை மறைத்துவிடும். பிளேட் முனை பெருப்பித்துக் காட்டிவிடும். ஆகவே எந்த முனையால் வேட்டையோ அந்த முனையாலேயே பழக வேண்டும். மகனுக்கு இது பிறகுதான் விளங்கியது.

மறுபடி பழகுவோம் என்று, என் முன்னாலேயே பழைய இலக்குப் பொதியைத் தூக்கி வைத்தார். சீலைக் கழிவு அடைத்த பெரிய சாக்குத் தலையணை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் முனையால் நாலே அம்பு. சீலை பிய்ந்து, இழுக்க இழுக்க உள்ளே இருந்த கந்தல் எல்லாம் தகட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது.

நான் முப்பது வருடம் தையல் மெஷினில் இருந்தவள். சும்மா இருப்பேனா? பழைய டெனிம் காற்சட்டை ஒன்றை வெட்டி இரட்டை ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். மூன்று நாளில் அதுவும் போனது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. பயிற்சி முனை ஊசி மாதிரி. நூலை விலக்கிக்கொண்டு போகும், எடுத்தால் நூல் பழையபடி சேரும். பிளேட் முனை கத்தரிக்கோல் மாதிரி, நூலையே அறுத்துவிடும். எவ்வளவு தடித்த சீலை என்றாலும் கத்தரிக்கோலுக்கு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனோம். மலிவாக இருந்தது அடுக்கு ஃபோம். புத்தகத் தாள்களைப் போல் அடுக்கி இறுக்கியிருக்கிறார்கள். அம்பு தாள்களின் இடையே புகுந்து உராய்ந்து நிற்கிறது. பாரமில்லை, அம்பை இழுப்பதும் இலேசு. ஆனால் தகடு பட்டுப் பட்டு அடுக்குகள் அறுந்து, நாளடைவில் அம்பு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அடுத்தது ஒரே வார்ப்பாக ஊற்றிய கட்டி ஃபோம். கையால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் மாதிரி இறுக்கம். தகடு கீறிப் போன இடம் திரும்ப மூடிக்கொள்கிறது. அம்பு பொருளைப் பிய்த்து எடுப்பதில்லை, கீறுகிறது மட்டுமே. ஆனால் விலை நூறு டொலருக்கு மேல், தூக்கப் பாரம்.

மான் உருவத்திலேயே செய்த ஃபோமும் நின்றது. நெஞ்சுப் பகுதி தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாமாம். உயிருள்ள ஒன்றை இலக்காகக் கட்டி வைத்து எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இது உயிரில்லாதது என்பது தெரியும். இருந்தும் முற்றத்தில் உருவம் ஒன்றை நிறுத்தி வைக்க மனம் ஒப்பவில்லை. மகனும் வேண்டாம் என்றார்.

விலையைப் பார்த்து அவர் தயங்கினார். பிள்ளை பிறந்த வீடு, செலவு தெரியும்தானே. "ரெண்டு வருஷத்துல எத்தன பொதி வாங்கின மகன்?" என்று கேட்டேன். மூன்று. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டி ஃபோமையே வாங்கினோம்.

அதையும் முறையாகப் பாவிக்காவிட்டால் வீண்தான். ஒரே புள்ளியில் அடித்துக்கொண்டிருந்தால் எந்த ஃபோமும் குழி விழும். மகன் நான்கு பக்கமும் ஐந்தைந்து புள்ளி குறித்து, ஒரு புள்ளிக்கு ஓர் அம்பு என்று வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் பின்னால் வரும் தகடு முன்னால் தைத்த அம்பின் இறகை அறுத்துவிடும். தண்டில் கொஞ்சம் சவர்க்காரம் தடவினால் ஃபோம் உருகி ஒட்டாது. இழுக்கும்போது ஆட்டாமல் நேராக இழுக்க வேண்டும். தகடு வெளியே வரும் நேரம் கை அதன் வழியில் இருக்கக் கூடாது. கட்டைக்குப் பின்னால் மண் மேடு. மூத்த பேத்தி வீட்டுக்குள் இருக்கிறாள் என்று மருமகள் குரல் கொடுத்த பிறகுதான் முதல் அம்பு. முடிந்ததும் கட்டையை வெயில் படாமல் கொட்டிலுக்குள் இழுத்து வைத்துவிடுவார்.

பழகிய முனைகளை ஃபோம் மழுக்கிவிடுவதால் அவற்றைப் புறம்பாக வைத்தார். வேட்டைக்குப் புதுக் கூர். அறுக்கும் கத்தியைக் கூராக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நமது? வேட்டை பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரழி) கேட்டபோதும், கூர் துளைத்ததை உண்ணலாம், அகலப் பக்கம் மோதிச் செத்ததை உண்ணக் கூடாது என்ற கருத்தில்தான் நபியவர்கள் விடை சொன்னார்கள். அந்த ஹதீஸை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அம்பு முனையைக் கண்ணால் கண்ட பிறகுதான் அதன் நுணுக்கம் விளங்கியது.

புதுக் கட்டையில் முதல் அம்பு அரைச் சாண் இடப்பக்கம் போய்த் தைத்தது. போன வருடம் பிசகிய அதே அளவு. மகன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வில்லில் அம்பைத் தாங்கும் சிறு தாங்கியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு அடித்துப் பார்த்தார். நான் பிளேன் ஏறுவதற்கு முந்திய மாலை, குறித்த புள்ளிகளில் மூன்று அம்பும் விரல் அகலம் பிசகாமல் நின்றன.

நவம்பர் முதல் வாரம் போன் வந்தது. ஒரு மான் சரியாக நிற்கவில்லை என்று அம்பு விடாமல் போக விட்டாராம். இன்னொன்று, கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே விழுந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

"உம்மா, மான் இறைச்சிக்குத் தேங்காய்ப்பால் முதலே விடுறதா, கடைசியிலயா?" என்று கேட்டார்.

கட்டை இன்னும் கொட்டிலில் இருக்கிறதாம். ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. மற்றப் பக்கத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறார்.