ஸ்ரெச்சர் வேலி

2022 ஆம் ஆண்டு கோடைகாலத்தில் லண்டனில் இருக்கும் என் அக்காவின் மகளிடம் போயிருந்தேன். அரண்மனையையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் கூட்டிச் சென்று காட்டினாள். ஆனால் என் மனதில் தங்கிவிட்டது ஒரு வேலிதான்.

தென் லண்டனில் கிழக்கு டலிச் என்ற இடத்தில், ஒரு பழைய மாடிக் குடியிருப்பின் ஓரமாக நடந்து போனோம். கறுப்பு வர்ணம் பூசிய கம்பிவலை வேலி. ஒவ்வொரு துண்டும் ஓராள் நீளம். இரு பக்கக் குழாய்களின் நுனிகளிலும் கால்போல ஒரு வளைவு.

“சின்னம்மா, இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

“ஆளைக் காவுற ஸ்ரெச்சர் மாதிரிக் கிடக்கு” என்றேன்.

அவள் திகைத்துப் போனாள். சாக்கிலும் கதவுப் பலகையிலும் காயக்காரரைத் தூக்கிய எங்களுக்கு அதை அடையாளம் காண்பது கடினமா?

அவை இரண்டாம் உலகப் போரில் விமானக் குண்டுவீச்சில் காயப்பட்டவர்களைத் தூக்குவதற்காகச் செய்யப்பட்டவை. நச்சுவாயு பட்டாலும் கழுவி எடுக்கலாம் என்பதால் இரும்பில் செய்தார்கள். அதே போரின்போதுதான் வீடுகளினதும் பூங்காக்களினதும் இரும்பு வேலிகளைப் போர்த் தேவைக்கென்று வெட்டி எடுத்துச் சென்றார்கள். போர் முடிந்தபின், மிஞ்சிய ஸ்ரெச்சர்களை நிமிர்த்தி வைத்து வேலியாக்கிவிட்டார்கள்.

வேலி மட்டுமா போனது? 1940 ஜூலையில் அலுமினியப் பாத்திரங்களைத் தாருங்கள், போர் விமானம் செய்யலாம் என்று அரசாங்கம் கேட்டபோது, பெண்கள் அடுப்பிலிருந்த சட்டியையே கொடுத்தார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பழைய இரும்பும் கடதாசியும் எலும்பும் சேர்த்தார்கள். தோடம்பழம் ஏற்றிவரக் கப்பல் இல்லாததால், பற்றைகளில் காட்டு ரோசாக் காய் பிடுங்கிக் கொடுத்தார்கள். அதிலிருந்து குழந்தைகளுக்கு விற்றமின் பாணி காய்ச்சப்பட்டது. பாடசாலை வளவில் உருளைக்கிழங்கு நட்டார்கள். லண்டன் கோட்டையின் அகழியிலும் மரக்கறி விளைந்தது.

மறுநாள் போர் நூதனசாலைக்குப் போனோம். கூப்பன் புத்தகத்தைப் பார்த்ததும் எங்கள் சங்கக்கடை வரிசை நினைவுக்கு வந்தது. ஒருவருக்குக் கிழமைக்கு ஏறக்குறைய 57 கிராம் தேயிலை. அதில் எங்கள் நாட்டுத் தேயிலையும் இருந்தது. அதைக் கொய்தவர்கள் மலையகத் தாய்மார். 1942 இல் பர்மா யப்பானிடம் வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது அவர்களுடைய உலையும் வற்றியது. ஆனால் அந்தப் பங்களிப்பு எவருடைய வீரக்கதையிலும் பெரிதாக இடம்பெறுவதில்லை.

இன்னொன்று என்னை அங்கேயே நிறுத்தியது. 1939 செப்டெம்பர் 1 ஆம் திகதி தொடங்கி ஒருசில நாட்களில் ஏறக்குறைய 15 இலட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். சட்டையில் பெயர்த்துண்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி. எங்கே போய்ச் சேரப் போகிறது என்று தெரியாமலே பிள்ளையைப் புகையிரதத்தில் ஏற்றிவிட்டார்கள் தாய்மார். அந்த நாடு பிள்ளைகளிடம் இரும்பும் பழமும் சேர்க்கும்படி கேட்டது. ஆனால் குண்டு விழும் இடத்திலிருந்து அவர்களை அப்புறப்படுத்தவும் முயன்றது. எங்கள் போரோ வீட்டுக்கு வந்து பிள்ளையையே கேட்டது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன். பெறாமகள் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

1945 இல் போர் முடிந்தது. ஆனால் அங்குள்ள பெண்ணுக்கு முடியவில்லை. போர்க்காலத்தில் கூப்பன் இல்லாமல் கிடைத்த பாணுக்கு 1946 இல் கூப்பன் வந்தது. உணவுக் கூப்பன் முற்றாக நின்றது 1954 ஜூலையில்தான். ஒன்பது வருடங்கள் அந்தப் பெண்கள் வரிசையில் நின்றே வீட்டைக் கட்டியெழுப்பினார்கள்.

அவர்கள் கொடுத்த சட்டி, தைத்த துணி, நட்ட கிழங்கு எல்லாம் இன்று எழுதப்பட்டு, எண்ணப்பட்டு இருக்கின்றன. நாங்கள் செய்தது எங்கே எழுதியிருக்கிறது? ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். என் அம்மா தன் கூறைச்சேலையைக் கிழித்துப் பங்கருக்கு மண்மூட்டை தைத்தா. அதை எவரும் கணக்கெடுக்கவில்லை. அம்மாவும் அதை ஒரு வேலையாகச் சொன்னதில்லை.

ஊருக்குத் திரும்பும் முதல்நாள் மீண்டும் அந்த வேலியடிக்குப் போனேன். ஒரு சிறுமி தன் சைக்கிளை அதில் சாத்திவிட்டு, வலைக்குள்ளால் கையை விட்டுப் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்கு அது வெறும் வேலியாக இருக்கட்டும். ஆனால் பெரியவர்களாகிய நாங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

சகோதரிகளே, ஒரு பழைய கொப்பியை எடுங்கள். போர்க்காலத்தில் உங்கள் வீட்டில் என்னென்ன செய்தீர்கள், எதைக் கொடுத்தீர்கள், எது திரும்பி வரவில்லை என்று எழுதி வையுங்கள். நான் அம்மாவின் சேலையிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.